பதின்மூன்றாம் கட்டில்

அத்தியாயம் பதினொன்று

வாசலுக்கு வந்ததும் அக்கா வழக்கம்போலக் கைப்பைக்குள் சாவியைத் துழாவினாள். கைக்குட்டை வந்தது, மாத்திரைப் பட்டை வந்தது, போன வாரத்துப் பேருந்துச் சீட்டு வந்தது. சாவி வரவில்லை. எப்படி வரும்? வீட்டை நினைவில்லமாக்க அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்து மூன்று மாதமாகிறது. கையெழுத்துப் போட்ட அன்று தம்பி சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனது நமக்குத் தெரிந்ததுதான்.

அறுபத்திரண்டு வயதில், பிறந்து வளர்ந்த வீட்டின் மணியை அடித்துவிட்டு விருந்தாளி மாதிரி நின்றாள் அக்கா.

கதவு எண் சொல்லிக் கேட்டால் அந்த வீட்டுக்கு யாருக்கும் வழி தெரியாது. பன்னிரண்டு கட்டில் வீடு என்றால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விடுவார். ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன் விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது, பெரிய ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் ஆட்கள் தாழ்வாரத்தில் கிடந்தபோது, டாக்டரான அப்பா தன் வீட்டு முன்கூடத்தைக் காலி செய்து பன்னிரண்டு கட்டில் போட்டார். மூன்று மாதத்தில் நாற்பத்தொரு பேர் அந்தக் கட்டில்களில் படுத்து எழுந்து போனார்கள். கூடத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை.

வீட்டுக்குள்ளே செத்தது ஒருத்தி. நான்கு வயது. சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று பிறந்த அன்றே யாரோ சொல்லப்போய், சுண்டு என்றே நிலைத்துவிட்ட கடைசித் தங்கை.

கதவைத் திறந்தவர் சுவர்க்காரர். பழைய சுவரின் பூச்சை அறுவைக் கத்தியால் விரலகலம் விரலகலமாகச் சுரண்டி, அந்தக் காலத்தில் என்ன நிறம் இருந்தது என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். தம்பி அவருக்குச் சுரண்டல்காரர் என்று பெயர் வைத்திருந்தான். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "ஆமாங்க, ஊர்ல ஒளிஞ்சு சுரண்டுறவங்கதான் ஜாஸ்தி. நான் வெளிப்படையாச் சுரண்டுறேன்" என்பார்.

இன்று அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா, நேத்து சாயங்காலம் உள்ளறைல ஒண்ணு தெரிய வந்துச்சு. மத்தவங்க வர்றதுக்குள்ள நீங்க ஒரு தடவை பாத்துடுங்க."

முன்கூடத்தைக் கடந்து, நடுக்கதவைக் கடந்து, சாப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் இருக்கிறது உள்ளறை. ஒற்றைச் சன்னல். சுவரில் இரண்டு இடங்களில், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கீழே, தட்டளவுக்குச் சுரண்டியிருந்தார். மேலே இளஞ்சிவப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் வெளிர்நீலம். எல்லாவற்றுக்கும் கீழே வெறும் சுண்ணாம்பின் மேல், எண் வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மை தடவி எழுதிய எண்கள்.

13. நாலடி தள்ளி, 14.

முன்கூடத்துச் சுவரில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இதே எழுத்தில் போன மாதமே வெளிவந்திருந்தது. ஊரே அறிந்த எண்கள் அவை.

"பன்னிரண்டு கட்டில்தானேக்கா? கணக்கு இடிக்குதே" என்றார் சுவர்க்காரர்.

அக்கா பதினாலு என்ற எண்ணின் அருகே கையைக் கொண்டு போனாள். தொடவில்லை. எண் போடாமல் எந்த நோயாளியையும் படுக்க வைக்க மாட்டார் அப்பா. பெற்ற பெண்ணுக்கும் அதே சட்டம்தான்.

"பதினாலு எங்க சுண்டு. 'பதினாலுக்குக் கஞ்சி'ன்னு அப்பா குரல் கொடுப்பார். கடைசி அஞ்சு நாள் இங்கதான் படுத்திருந்தா."

"அப்ப பதின்மூணு?"

"தெரியலையே" என்றாள் அக்கா. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த வாரங்களில் உள்ளறைக் கதவு பூட்டியே கிடந்தது. 'மருந்துச் சரக்கு வச்சிருக்கு, கிட்டப் போகாதே' என்று சொல்லி வைத்திருந்தார்கள். அக்காவும் சுண்டுவும் சித்தியோடு மாடியில். ஆறு வயதுத் தம்பியை மாமா வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. சுண்டுவுக்குக் காய்ச்சல் கண்ட பிறகு அவளை இந்த அறைக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பின் அக்கா பார்த்தது மூடிய கதவை மட்டும்தான்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அறக்கட்டளையின் ஆவணப் பொறுப்பாளரான பெண் வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும். பழைய தாளைத் தூக்குவது கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி இருக்கும் அவளுக்கு. இன்றும் ஒரு அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அக்கா, நோயாளிப் பதிவேடு வந்துடுச்சு. ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருந்த பக்கம் எல்லாத்தையும் பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. சுவர்க்காரர் போன்ல சொன்னார், அந்தப் பதின்மூணு யாருன்னு மத்தியானத்துக்குள்ள சொல்லிடறேன். உள்ளறைக்கான பலகை வாசகம் அஞ்சு மணிக்குள்ள அச்சகத்துக்குப் போகணும். ஞாயித்துக்கிழமை திறப்பு. இதுக்கு மேல தள்ள முடியாது."

"தள்ள வேண்டாம்மா" என்றாள் அக்கா.

*

பதினோரு மணிக்கு ஒத்திகைச் சுற்று. திறப்புக்கு முன்னால் தெருக்காரர்கள் பதினைந்து பேரை வரவழைத்து, எங்கே கூட்டம் முட்டுகிறது, எங்கே குரல் எட்டவில்லை என்று பார்ப்பதற்காக. வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலையை அக்காவே கேட்டு வாங்கியிருந்தாள். முப்பத்து மூன்று வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் குரலை வைத்தே சம்பளம் வாங்கியவள். கூடத்தின் கடைசி மூலைக்கும் அவள் சொல் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

காத்திருப்பு பெஞ்சைக் காட்டினாள். வருடக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பலகை நடுவில் குழிந்திருந்தது. ஊசி கொதிக்க வைக்கும் எஃகுப் பெட்டியைக் காட்டினாள். மருந்துச் சீசாக்களின் பக்கவாட்டில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பதைக் காட்டி, "ஒரு வேளைக்கு ஒரு பல்லு. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் அளவு தப்பாம குடிக்கலாம். இதை வெட்டுறது எங்கம்மா வேலை" என்றாள்.

"அந்தச் சிவப்பு மருந்தை மறக்க முடியுமா!" என்று ஒரு குரல் வந்தது. கைத்தடி ஊன்றிய பெரியவர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். "நான் ஏழாம் கட்டில். இருபது வயசு எனக்கு. அதைக் குடிச்சா நோய் போகுமோ இல்லையோ, உயிரோட இருக்கற ஆசை போயிடும். அப்படி ஒரு கசப்பு. ஆனா பாருங்க, எழுபத்திரண்டு ஆகுது, நிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகத் தம்பி உள்ளே வந்து சுவரோரம் நின்றான். கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இன்று கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். அப்பாவின் அதே நெற்றி, அதே நிற்பு. அக்காவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

சுற்று நல்லபடியாகத்தான் போனது. நடுக்கதவை எட்டியபோது பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் கேட்டார்.

"வீடு முழுக்கக் காய்ச்சல்காரங்க. டாக்டரோட சொந்தப் பிள்ளைங்களும் இங்கேயே இருந்தாங்களா? பயமா இல்லையா அவருக்கு?"

அக்கா பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"அப்பா ரொம்ப ஜாக்கிரதையான ஆளுங்க. இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் பிள்ளைங்க வரவே கூடாதுன்னு கட்டளை. எப்பவும் தாழ் போட்டிருக்கும். ஒரே ஒரு நாள் தாழ் போடாம விட்டுட்டாங்க. எங்க கடைசித் தங்கச்சி கூடத்துக்குள்ள ஓடிட்டா. அன்னைக்குச் சாயங்காலமே காய்ச்சல். அஞ்சாம் நாள் போயிட்டா."

விட்டுட்டாங்க என்று சொல்லும்போது அவன் அக்காவைப் பார்த்தான். கூட்டமும் பார்த்தது.

ஏழாம் கட்டில் பெரியவர் தலையை ஆட்டினார். "எனக்கு ஞாபகம் இருக்குங்க. நாலாம் கட்டில்காரர் போர்வையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நின்னுச்சு அந்தப் பாப்பா. யாரோ ஓடி வந்து தூக்கிட்டுப் போனாங்க."

அக்கா நடுக்கதவைத் தள்ளித் திறந்தாள்.

"அடுத்தது சாப்பாட்டுக் கூடம். படி இருக்கு, பாத்து வாங்க."

*

பழைய சமையலறை இப்போது நாற்காலிகளையும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் துணிக் கயிறுகளையும் போட்டு வைக்கும் இடம். சுற்று முடிந்ததும் அக்கா அங்கே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தம்பி பின்னாலேயே வந்தான்.

"பதினஞ்சு பேர் முன்னாடி சொல்லணுமாடா?"

"உன் பேரையா சொன்னேன்?"

"என் மூஞ்சியைப் பாத்தியே. அது போதாதா?"

தம்பி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அக்கா, உனக்கு ஊர்ல என்ன பேசறாங்கன்னு தெரியாது. நான் கடைல உக்காந்திருக்கேன், என் காதுல விழுது. வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிப் பேர் வாங்கினாரு, பெத்த பிள்ளையைப் பலி கொடுத்தாருன்னு ஒருத்தன் சொல்றான். என் கடைக்குள்ளேயே நின்னு சொல்றான். நாளைக்கு இது பொது இடம். வர்றவங்க எல்லாம் அதே கேள்வியைத்தான் கேப்பாங்க. அதுக்குப் பலகைல பதில் இருக்கணும். ஒரு குழந்தை தாழ் போட மறந்ததால நடந்ததுன்னு எழுதட்டும். அப்பா மேல தப்பில்லன்னு தெரியட்டும்."

"ஒரு குழந்தை" என்றாள் அக்கா.

"உன் பேர் வராது. நான் பாத்துக்கறேன்."

அன்று அக்காவுக்குப் பத்தாவது பிறந்தநாள். புது கவுன். அதை எதிர்வீட்டுத் தோழிக்குக் காட்டவேண்டும் என்ற அவசரம். நடுக்கதவைத் திறந்துகொண்டு ஓடினவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலேயே வந்த சுண்டு கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள். பொழுது சாயும்போது குழந்தைக்கு உடம்பு சுட்டது. 'நடுக்கதவைத் தாழ் போட்டியா?' என்று அம்மா கேட்டாள். 'போடலம்மா.' அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று அக்கா எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. புகுந்த வீட்டில் படுக்கப் போகுமுன் மூன்று முறை எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தடவிப் பார்ப்பாள். புருஷன் முதலில் கேலி செய்தான், பிறகு விட்டுவிட்டான்.

"உனக்காவது அவ செத்துப்போன வாரம் ஞாபகம் இருக்கு" என்று தம்பி தணிந்த குரலில் சொன்னான். "எனக்கு அந்த மாசமே கிடையாது. மாமா வீட்ல இருந்தேங்கறாங்க. மாமா வீட்டு வாசல்படிகூட ஞாபகம் இல்ல. தலைமுடியை ஒட்ட வெட்டினது மட்டும்தான் இருக்கு. பேன்னு சொன்னா அம்மா. திரும்பி வந்து பாத்தா சுண்டு இல்ல. நானும் அவளும் ஒரே படுக்கைதானே. பக்கத்துல கை போட்டுப் போட்டுப் பாத்தேன். அந்தக் கை மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு."

அக்கா எழுந்தாள். முழங்கால் வலித்தது.

"எழுதச் சொல்லுடா. கதவைப் பத்தியே எழுதட்டும்."

"கோவமா சொல்றியா?"

"இல்ல. எனக்கு அலுத்துப்போச்சு."

*

மூன்று மணிக்கு ஆவணப் பெண் கூப்பிட்டாள். அப்பாவின் மருந்து கொடுக்கும் அறைதான் அவளுக்கு அலுவலகம். வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் பதிவேடு திறந்து கிடந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இதை உங்களுக்குத்தான் முதல்ல காட்டணும்னு தோணுச்சு. உங்க தம்பி சார்கிட்ட இன்னும் சொல்லல."

ஆரம்பப் பக்கங்கள் அப்பாவிடம் இருந்த கம்பவுண்டரின் கையெழுத்து. அவரும் காய்ச்சலில் விழுந்த பிறகு எழுத்து மாறியிருந்தது. அக்காவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வாலை இழுத்து இழுத்துச் சுழிக்கும் அந்த 'ழ', மளிகைச் சீட்டிலும் கடிதத்திலும் அவள் ஆயிரம் தடவை பார்த்தது. அம்மா.

ஆவணப் பெண் விரலை எழுத்தில் படாமல் பிடித்துக் காட்டினாள்.

கட்டில் எண் 13. ஆண். வயது ஆறு. விலாசம், இவ்வீடு. காய்ச்சல் கண்ட தேதி, அக்கா பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு. தலைமுடி நீக்கப்பட்டது. கடைசிக் கட்டத்தில்: குணம்.

அடுத்த வரி. கட்டில் எண் 14. பெண். வயது நான்கு. விலாசம், இவ்வீடு. காய்ச்சல் கண்ட தேதி, அக்காவின் பிறந்தநாள். நோய் வந்த வழி என்ற கட்டத்தில் அம்மா எழுதியிருந்தாள்: 'எண் 13. ஒரே படுக்கை.' ஓரத்தில் அப்பாவின் சிறிய கையொப்பம். கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.

அக்கா இரண்டு வரிகளையும் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"தம்பி மாமா வீட்டுக்குப் போகவே இல்லையா?"

"போகலக்கா. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கே வந்துடுச்சுன்னு தெரிஞ்சா கூடத்துல இருக்கறவங்க பயந்து ஓடிடுவாங்கன்னு வெளிய சொல்லாம வச்சிருக்கலாம். அது என் ஊகம். ஆனா ஒண்ணு நிச்சயம். நான் ஒரு டாக்டர்கிட்ட பேசிட்டேன். இந்தக் காய்ச்சல் உள்ள புகுந்து வெளிய தெரிய ஒரு வாரம், பத்து நாளாவது ஆகுமாம். காலைல போய் நின்னா சாயங்காலம் வராது." அவள் நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டாள். "கதவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. அந்தக் கதவு திறந்தப்ப அந்தப் பாப்பா உடம்புல ஏற்கெனவே காய்ச்சல் இருந்திருக்கு."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

எழுந்து ஓடி, இருக்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி 'நான் இல்லை' என்று கத்தவேண்டும்போல இருந்தது. பதினைந்து பேரையும் திரும்பக் கூட்டிவந்து, அந்தப் பெரியவரையும் நிற்க வைத்து, நான் இல்லை, நான் இல்லை. பிறகு கண் மறுபடி அந்த வரிக்குப் போனது. ஆண். வயது ஆறு.

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

"அம்மாதான் எழுதியிருக்காங்க."

"அன்னைக்கே எழுதியிருக்கா. என்னைக் கதவைப் பத்திக் கேட்ட அன்னைக்கே."

நாலு வருடத்துக்கு முன், கடைசிப் பதினோரு மாதம் அம்மா அக்காவின் வீட்டில்தான் படுத்துக் கிடந்தாள். துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, புரட்டிப் போட்டு எல்லாம் அக்காதான். அம்மா ஓயாமல் பேசினாள். கம்பவுண்டரின் இரண்டாம் கல்யாணம், சித்தி தொலைத்த கம்மல், பக்கத்து வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது, எல்லாம் பேசினாள். பதினோரு மாதத்தில் இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

சொல்லியிருந்தால் தம்பிக்குத் தெரிந்துபோயிருக்கும். ஒரே படுக்கையில் படுத்து, தன்னிடமிருந்து போன நோயில் தங்கை செத்தாள் என்று ஒரு சின்னப் பையன் தெரிந்துகொண்டு வளரவேண்டியிருக்கும். அது வேண்டாம் என்று அம்மா நினைத்திருக்கிறாள். அந்தப் பாரத்தைத் தூக்க வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். அவள் கேட்காமலே தூக்கிக்கொண்டாள். அவளிடமிருந்து யாரும் அதை இறக்கி வைக்கவில்லை.

"ஒரு டம்ளர் தண்ணி தரட்டுமாக்கா?"

"வேண்டாம்மா." அக்கா முகத்தைத் துடைத்தாள். "அந்த ரெண்டு நம்பர் மேலயும் மறுபடி சுண்ணாம்பு அடிச்சுட முடியாதா?"

"முடியும். சுவர்க்காரர் அரை மணில அடிச்சுடுவார்." ஆவணப் பெண் சங்கடத்தோடு கைகளைப் பிசைந்தாள். "ஆனா சார் ஒரு மணிக்கே வந்து வாசகம் எழுதிக் கொடுத்துட்டுப் போனார். கதவு திறந்திருந்ததால குழந்தை இறந்ததுன்னு. இதைப் படிச்ச பிறகு அதை எப்படிக்கா நான் அச்சுக்கு அனுப்பறது? பொய்னு தெரிஞ்சு ஒரு எழுத்துகூட நான் சுவர்ல மாட்ட மாட்டேன். ஒண்ணுமே எழுதாம விடலாம். இல்ல, நடந்ததை எழுதலாம். எதுன்னு நீங்க சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்கேன்."

*

தம்பி உள்ளறையில் இருந்தான். தரையில் விரித்திருந்த சாக்கின் மேல், பதினாலு என்ற எண்ணுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கடைக்கு வருபவர்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது. தலைமுடி கலைந்து, மூக்கு சிவந்திருந்தது.

"வாக்கா. இப்படி உக்காரு."

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். கீழே உட்கார்ந்தால் எழ முடியுமா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

"காலைல நான் பண்ணது தப்பு" என்றான். "அப்பா பேரைக் காப்பாத்தறேன்னு உன்னைச் சந்தி சிரிக்க வச்சுட்டேன். வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டியே என்னைக் கிழிச்சுடுவா."

"விடுடா."

"இல்ல, சொல்லிடறேன். இதைச் சொல்லணும்னு எத்தனையோ வருஷமா இருக்கு. வாய் வரல." அவன் நிமிர்ந்து பார்த்தான். ஐம்பத்தெட்டு வயது முகத்தில் அந்தக் கண்கள் மட்டும் மாறவே இல்லை. "நீ பத்து வயசுப் பொண்ணு. விளையாட்டுப் புத்தி. யாரா இருந்தாலும் மறந்திருப்பாங்க. சின்ன வயசுல உன் மேல எனக்கு ரொம்பக் கோவம் இருந்துச்சு, பொய் சொல்லல. என் சுண்டுவை நீ கொன்னுட்டேன்னு நினைச்சிருக்கேன். ஆனா உன்னை மன்னிச்சு ரொம்ப நாளாச்சுக்கா. என் மனசுல ஒண்ணும் இல்ல."

ஒரே வாக்கியம் போதும். சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டினால் மருந்தறை மேசைமேல் அம்மாவின் கையெழுத்தில் அது இருக்கிறது. சொல்லிவிட்டால் இந்த நிமிடமே அக்கா பாரத்தை இறக்கி வைத்துவிடலாம்.

அவள் அவன் தலைமேல் கையை வைத்தாள்.

"சரிடா" என்றாள்.

அவன் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினான். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்துச் சுவரைக் காட்டினான்.

"அந்தப் பதின்மூணு யாருன்னு தெரிஞ்சுதா?"

"யாரோ ஒரு பையன்."

"பொழைச்சானா?"

"பொழைச்சுட்டான்."

"நல்லவேளை." தம்பி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் மெல்ல என்னவோ மாறியது. "அக்கா, அப்படின்னா அவன் இங்கேயேதானே இருந்திருப்பான்? நாலடி தூரத்துல? அந்த அஞ்சு நாளும்?"

அக்கா அவன் தலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"நம்மள உள்ள விடல. நான் மாமா வீட்ல. நீ மாடில. அவ பக்கத்துல கடைசி வரைக்கும் இருந்தது அந்தப் பையன்தான்க்கா. அவன் உயிரோட இருந்தா என் வயசுதான் இருக்கும், கூடக் குறைய. அவனைப் பாத்துக் கேக்கணும். அவ ஏதாவது சொன்னாளா, ரொம்ப அழுதாளா, என்னைத் தேடினாளான்னு." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வருடக்கணக்கில் அவன் முகத்தில் பார்க்காத ஒரு பரபரப்பு. "ஞாயித்துக்கிழமைக்கு ஏழாம் கட்டில் பெரியவரைக் கூப்பிட்டிருக்கு இல்ல? இவனையும் கூப்பிடலாம். பதிவேட்டுல பேர் இருக்கும். கடைவீதில எனக்குத் தெரியாத ஆள் யாரு? ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடுவேன்."

"டேய், இரு. நில்லு."

முப்பத்து மூன்று வருடம் ஊர் ஊராக ஆட்களை இணைத்துக் கொடுத்த குரல், அறையைத் தாண்டவில்லை. அவன் சாப்பாட்டுக் கூடத்தைக் கடந்து போய்விட்டான். அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போவதற்குள் மருந்தறைக் கதவைத் தட்டித் திறந்துவிட்டான்.

ஆவணப் பெண் திடுக்கிட்டு எழுந்தாள். பதிவேட்டை மூட அவளுக்கு நேரமில்லை.

"ஏம்மா, அந்தப் பதின்மூணாம் கட்டில் பையன் பேரு எனக்கு வேணும்."

அவள் அவன் தோளுக்கு மேலாக, வாசலில் மூச்சிரைக்க நின்ற அக்காவைப் பார்த்தாள்.

"பேரு... பேரு எழுதலைங்க" என்றாள். அது உண்மைதான்.

"பரவாயில்ல" என்ற தம்பி, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேசைமேல் குனிந்தான். "விலாசம் எழுதியிருப்பாங்கல்ல?"